அல்ப்ரசோலம் போய் குளோனசெபம்: தூக்க மாத்திரைச் சீட்டில் மாறியது என்ன, மலையில் நிறுத்துவது எப்படி?

மருந்துச்சீட்டு (குன்னூர்)

வணக்கம். மருந்துக்கடைக் கவுன்ட்டரில் இருப்பவர்கள், டாக்டர்கள், நர்சுகள் யாராவது விவரமாகப் பதில் சொன்னால் உதவும்.

"நரம்பு மாத்திரை" கேட்டு வருகிற சீட்டுகளின் முகமே மாறியிருக்கிறது. முன்பெல்லாம் அல்ப்ரசோலம் 0.25 அல்லது 0.5, கொஞ்சம் டயசெபம் 5, அவ்வளவுதான். இப்போது குளோனசெபம்தான் முன்னால் நிற்கிறது. அதையே மனச்சோர்வு, பதற்றத்துக்கான எஸ்சிட்டலோபிராமோடு சேர்த்த கூட்டு மாத்திரை, ஸோல்பிடெம், மெலடோனின் 3, சில சீட்டில் க்வெட்டியபின் 25. மாறாத ஒன்று கடைசி வரி: "0-0-1, கண்டினியூ." இரவு மட்டும் ஒன்று, தொடரவும் என்று அர்த்தம்; எத்தனை நாளைக்கு என்று இல்லை. மலையிறங்கிப் போய் ஒருமுறை காட்டி வாங்கிய சீட்டு, மடிப்பு மடிப்பாகக் கிழிந்து செல்லோடேப் ஒட்டியும் வந்துகொண்டே இருக்கிறது.

குளோனசெபம் உண்மையிலேயே பாதுகாப்பானதா? வருடக் கணக்கில் சாப்பிட்டுவிட்டு "நிறுத்திடலாமா" என்று கேட்கிற அறுபது வயதுக்காரர்களை எந்த வேகத்தில் இறக்குவது? இங்கே குளிர், ஏற்ற இறக்கம் எல்லாம் இருக்கிறதே, அதனால் தனியாகப் பார்க்க வேண்டியது ஏதாவது உண்டா?

மனநலன்_கோத்தகிரி

முதல் கேள்விக்கு நேரடிப் பதில்: குளோனசெபத்தைப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. உடம்பில் நீண்ட நேரம் நிற்கும், அதுதான் வித்தியாசம்.

ரத்தத்தில் பாதியாகக் குறைய அல்ப்ரசோலத்துக்குச் சுமார் 11 மணி நேரம். குளோனசெபத்துக்கு 30 முதல் 40 மணி. ஸோல்பிடெமுக்கு இரண்டரை மணிதான். டயசெபம் உடைந்து உருவாகும் பொருளோ நாள் கணக்கில் தங்கும். அல்ப்ரசோலம் சீக்கிரம் இறங்குவதால் மறுநாள் சாயங்காலமே படபடப்பு வரும், கை தானாக அட்டையைத் தேடும். குளோனசெபத்தில் அந்தத் தேடல் குறைவு. டாக்டர்கள் அதற்கு மாறியதற்கு இது ஒரு நியாயமான காரணம்.

அதற்கு விலையும் உண்டு. தினமும் இரவு போட்டால் முந்தின நாள் மருந்து தீர்வதற்குள் அடுத்தது சேர்கிறது, சுமார் ஒரு வாரத்தில் அளவு உச்சத்துக்கு வந்து நிலைக்கிறது. முதல் நாள் "நல்லா தூங்கினேன்" என்றவரே எட்டாம் நாள் காலை பதினோரு மணிக்கும் மந்தமாக உட்கார்ந்திருப்பார். மாத்திரை ஒத்துக்கொண்டதா என்று கேட்பதாக இருந்தால் இரண்டாம் வாரத்தில் கேளுங்கள்.

அளவு பற்றியும் ஒரு மயக்கம் இருக்கிறது. "பாயின்ட் ஃபைவ்தானே" என்பார்கள். பரவலாகப் பயன்படும் ஒப்பீட்டு அட்டவணைப்படி குளோனசெபம் 0.5 மி.கி. என்பது ஏறக்குறைய டயசெபம் 10 மி.கி.க்குச் சமம். டயசெபம் 10 என்றால் முகம் சுளிப்பவர்கள் 0.5 என்றதும் அட்டையை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

இந்த ஊசலாட்டம் புதிதில்லை. பழைய தூக்க மருந்துகளான பார்பிட்டுரேட்டுகள் உயிரை வாங்கிய காலத்தில், 1960-இல் குளோர்டயசெபாக்சைடும் 1963-இல் டயசெபமும் பழக்கமாகாத மருந்துகள் என்ற பெயரோடு வந்தன. பிறகு ஸோல்பிடெமும் அதே பெயரோடு வந்தது. அமெரிக்காவில் பென்சோ வகை (டயசெபம், அல்ப்ரசோலம், குளோனசெபம் எல்லாம் சேர்ந்த குடும்பம்) மாத்திரைச் சீட்டு வாங்கிய பெரியவர்கள் 1996-இல் 81 லட்சம், 2013-இல் 135 லட்சம். 2020 செப்டம்பரில் அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பழக்கமாதல், திடீர் நிறுத்தத்தின் ஆபத்து ஆகியவற்றை இந்த வகையின் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிய எச்சரிக்கையாகப் போட வைத்தது. பென்சோவில் கை வைக்கப் பயந்த டாக்டர்கள் ட்ராசோடோன் (மனச்சோர்வு மருந்து), க்வெட்டியபின் பக்கம் போனார்கள். உங்கள் கவுன்ட்டருக்கு வரும் க்வெட்டியபின் 25-ம் அதே போக்குதான். மனநோய்க்கான மருந்தைச் சின்ன அளவில் தூக்கத்துக்கு எழுதுகிறார்கள். எடை கூடும், சர்க்கரை ஏறும், படுக்கையிலிருந்து எழும்போது பி.பி. இறங்கும். தூக்கம் மட்டும்தான் பிரச்சினை என்பவருக்கு அதை எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மெலடோனின் பழக்கமாகாது, பலனும் சிறிதே. 2017-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பின் வழிகாட்டுதல், நாள்பட்ட தூக்கமின்மைக்கு மெலடோனினையும் ட்ராசோடோனையும் பரிந்துரைக்கவில்லை. மாத்திரைக்கு முன்னால் வர வேண்டியது தூக்கத்துக்கான நடத்தைச் சிகிச்சை. அதை வேறு யாராவது எழுதுவார்கள் என்று நினைக்கிறேன்.

இறக்கும் வேகம்: 2025-இல் வந்த அமெரிக்க மருத்துவ அமைப்புகளின் கூட்டு வழிகாட்டுதல், 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைத்துத் தொடங்கச் சொல்கிறது. பொதுவாக இரண்டு வாரத்துக்கு 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கிட்டத்தட்ட ஒரு மாதத்துக்கு மேல் தினமும் போட்டவர் யாரும் சட்டென்று நிறுத்தக் கூடாது. அல்ப்ரசோலத்தை நிறுத்தினால் ஓரிரு நாளில் நடுக்கம், வியர்வை, தூக்கமே இல்லாத இரவு. குளோனசெபத்தில் அது மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் வரும், அதனால் "நிறுத்தி ரெண்டு நாள் ஆச்சு, ஒண்ணும் ஆகலை" என்பதை நம்பாதீர்கள். மோசமானால் வலிப்பு.

குறைக்கச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கட்டாயம்: "இது எதுக்குக் கொடுத்தது?" குளோனசெபம், குளோபசாம் இரண்டும் வலிப்பு நோய்க்கும் கொடுக்கப்படுகின்றன. வலிப்புக்காகப் போடுபவருக்கு இந்த எந்தக் கணக்கும் பொருந்தாது.

தேயிலைப்பூ

இவ்வளவு கணக்கு எதற்கு? ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் தானாகப் பழகிவிடாதா? பலரும் அப்படித்தானே சொல்கிறார்கள்?

மனநலன்_கோத்தகிரி

வேண்டாம் தோழர். அல்ப்ரசோலமோ ஸோல்பிடெமோ விட்ட இரவில் மருந்து இறங்கி, தூக்கமின்மை முன்பைவிட வேகமாகத் திரும்பும். அடுத்த இரவு மாத்திரை போட்டதும் தூக்கம் வரும். "இது இல்லாமல் எனக்கு முடியாது" என்று மனசு உறுதி செய்துகொள்ளும், பத்து நாளில் பழைய அளவுக்கே திரும்பிவிடுவார். தினமும் அதே நேரம், கொஞ்சம் குறைந்த அளவு. இதுதான் வழி.

ஹெச்1_பதிவேடு (பெருமாள்மலை)

கொடைக்கானல் பக்கமும் இதே கதைதான், மருந்துச்சீட்டு அண்ணா. கவுன்ட்டர் பக்கத்து விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

அல்ப்ரசோலம், டயசெபம், நைட்ரசெபம், ஸோல்பிடெம் நான்கும் ஹெச்1 பட்டியலில், அதாவது சீட்டோடு தனிப் பதிவேடும் கட்டாயமான மருந்துகளின் அரசுப் பட்டியலில், இருக்கின்றன. 2013-இல் அறிவிப்பு, 2014 மார்ச் 1 முதல் நடைமுறை. சீட்டு எழுதியவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது மருந்து விதிகளில் அதைவிடப் பழைய விதி 65. சீட்டில் "திரும்பக் கொடுக்கலாம்" என்று டாக்டர் எழுதாவிட்டால் அந்தச் சீட்டுக்கு ஒரே ஒரு முறைதான் மருந்து. இத்தனை முறை, இத்தனை நாள் இடைவெளி என்று எழுதியிருந்தால் அதன்படி மட்டும். கொடுத்ததும் டாக்டர் கையெழுத்துக்கு மேலே கடைப் பெயர், முகவரி, தேதி குறிக்க வேண்டும். இந்தக் குறிப்பை ஒழுங்காகப் போட்டாலே செல்லோடேப் ஒட்டிய சீட்டு இரண்டாம் கடையில் செல்லாது. "கண்டினியூ" என்பது எண்ணிக்கையும் இல்லை, இடைவெளியும் இல்லை.

வாட்ஸப்பில் வரும் சீட்டுக்கு அல்ப்ரசோலம் கொடுக்காதீர்கள். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலிலேயே அது தடைப் பக்கம்.

அதற்காகப் பழைய சீட்டுக்காரரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டால் அவர் அன்றிரவே நிறுத்தியவர் ஆகிவிடுவார், மேலே டாக்டர் சொன்ன வலிப்பு வரை போகலாம். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே "அடுத்த சீட்டு வாங்கிட்டு வாங்க, எவ்வளவு நாள்னு எழுதி வாங்குங்க" என்று சொல்லிவிடுவது நல்லது.

கூட்டு மாத்திரை தனித் தலைவலி. எஸ்சிட்டலோபிராம் வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும், அதுவரை பதற்றத்தைப் பிடித்து வைக்கத்தான் குளோனசெபம். ஒரே மாத்திரையில் 10-ம் 0.5-ம் அடைத்துவிட்டால், ஒரு மாதம் கழித்துக் குளோனசெபத்தை மட்டும் எப்படி எடுப்பது? பாதியாக உடைத்தால் எஸ்சிட்டலோபிராமும் பாதியாகும், மனச்சோர்வு திரும்பும். குறைக்க நினைப்பவர் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் வாக்கியம்: "ரெண்டையும் தனித்தனியா எழுதிக் கொடுங்க."

வேறு மருந்தோடு மோதுவதுதான் கவுன்ட்டரில் அதிகம் தவறிப்போவது. இரண்டு மட்டும் சொல்கிறேன்.

படர்தாமரைக்கு இட்ராகோனசோல் வாரக் கணக்கில் எழுதுகிறார்கள். அல்ப்ரசோலத்தைக் கல்லீரலில் உடைக்கும் நொதியை அது அடைத்துவிடும். போடுவது அதே 0.5, ரத்தத்தில் நிற்பதோ இரண்டு மூன்று மடங்கு. இரண்டும் சேரவே கூடாது. தோல் டாக்டருக்குத் தூக்க மாத்திரை தெரியாது, தூக்க மாத்திரை எழுதியவருக்குப் படர்தாமரை தெரியாது. இரண்டு சீட்டும் சந்திக்கிற ஒரே இடம் நம் கவுன்ட்டர். கிளாரித்ரோமைசினும் இதே ரகம்.

எதிர்த்திசையில் காசநோய் மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின். அது நொதியை முடுக்கிவிடும். அல்ப்ரசோலமும் ஸோல்பிடெமும் "கேட்கவே மாட்டேங்குது" என்று அளவைக் கூட்டி வாங்குவார்கள். ஆறு மாதத்தில் காசநோய் மருந்து முடியும், இரண்டு வாரத்தில் நொதி பழைய நிலைக்கு வரும். கூட்டிய அளவு மட்டும் அப்படியே இருக்கும். அந்த இரண்டு வாரத்துக்குள் டாக்டர் அளவைக் குறைக்க வேண்டும்.

இரவுப்பணி

மலை பற்றிக் கேட்டதற்கு நான் எழுதுகிறேன். நர்சு, டாக்டர் இல்லை.

மாத்திரை கேட்கிறவர் எத்தனை மணிக்குப் படுக்கிறார் என்று முதலில் கேளுங்கள். இங்கே ஏழு மணிக்கே இருட்டும் குளிரும், எட்டு மணிக்குக் கம்பளிக்குள் போய்விடுகிறார்கள். இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் "ராத்திரி பூரா தூக்கமில்லை." எட்டிலிருந்து இரண்டு ஆறு மணி நேரம்! வயதானவருக்கு அது ஏறக்குறைய முழுத் தூக்கம். இவருக்குத் தேவை மாத்திரை இல்லை, பத்தரைக்குப் படுப்பது.

நடத்தைச் சிகிச்சையின் உயிரும் இதுதான். இரண்டு வாரம் காலண்டர் தாளின் ஓரத்தில் படுத்த நேரம், தூங்கியதாகத் தோன்றும் நேரம், எழுந்த நேரம் குறிக்கச் சொல்லுங்கள். சராசரியாக ஐந்தரை மணி தூங்குகிறார் என்றால் படுக்கையில் இருக்கும் நேரமும் ஐந்தரை மணிதான். எழும் நேரத்தை முதலில் பூட்டுங்கள், 5 மணி என்றால் ஞாயிற்றுக்கிழமையும் 5 மணி. அப்படியானால் படுப்பது 11:30. ஐந்து மணி நேரத்துக்குக் கீழே இறக்கக் கூடாது. படுக்கையில் இருந்த நேரத்தில் 85 சதவீதம் தூங்கத் தொடங்கியதும் வாரத்துக்கு 15 நிமிடம் முன்னால் படுக்கலாம். முதல் இரண்டு வாரம் பகலில் சொக்கும், அதைச் சொல்லாமல் அனுப்பினால் மூன்றாம் நாளே விட்டுவிடுவார். வலிப்பு உள்ளவர், வண்டி ஓட்டுபவர் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

இன்னொரு விதி, இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துவிட வேண்டும். ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழுகிற இரவில் யார் எழுவார்கள்? அதனால் முன்கூட்டியே கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, அதன்மேல் சால்வை, கீழே காலுறை. எழுந்து அதில் உட்கார்ந்தால் போதும். படுக்கும் முன் கால் சூடாக இருப்பவருக்குத் தூக்கம் சீக்கிரம் வருகிறது என்று ஆய்வே உண்டு, காலுறையும் வெந்நீர்ப் பையும் அதற்குத்தான்.

கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்குவது எப்போதும் ஆபத்து. தூக்க மாத்திரை போட்டவர் இருக்கும் அறையில் அது கொலைகாரன். கரி எரிவதால் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு வாசனை கிடையாது, தலைவலி வந்து விழிக்கிற வாய்ப்பையும் மாத்திரை பறித்துவிடும்.

கழிப்பறை வெளியே இருக்கும் தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில், மாத்திரை போட்டவர் இரவு இரண்டு மணிக்கு ஈரப் படியில் இறங்கினால் இடுப்பெலும்பு முறிவில் முடியும். கட்டிலடியில் ஒரு மூடி போட்ட வாளி வைப்பதில் கூச்சம் வேண்டாம். அதோடு இரவில் ஏன் எழுகிறார் என்று பாருங்கள். சிறுநீர் அதிகம் போக வைக்கும் ஃப்யூரோசமைடு மாத்திரையைச் சாயங்காலம் போடுகிறாரா? டாக்டரிடம் சொல்லிக் காலைக்கு மாற்றினால் பாதி விழிப்பு போய்விடும். ஆறு மணிக்கு மேல் கட்டித் தேநீர் இரண்டு டம்ளரா? உள்ளே போன காஃபீன் பாதியாகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்.

"கால் குடையுது, நீட்டிப் படுக்க முடியலை, எழுந்து நடந்தா தேவலை" என்பவருக்கு இருப்பது தூக்கமின்மை இல்லை. ரத்தத்தில் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) பாருங்கள், 75-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து தர வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்களிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள், ரத்தசோகையும் சாப்பாட்டோடு தேநீரும் சேர்ந்தே இருக்கும். இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேநீர் கூடாது. இவர்களுக்குச் சளிக்கான குளோர்ஃபெனிரமினோ, தூக்கத்துக்கு அமிட்ரிப்டிலினோ கொடுத்தால் குடைச்சல் கூடும்.

குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுபவர், விறகுப் புகையில் வருடக் கணக்காக நின்று நுரையீரல் கெட்டவர், இந்த இருவருக்கும் தூக்க மாத்திரை கொடுத்தால் மூச்சு இன்னும் அமுங்கும். ஊட்டி 2,240 மீட்டர், காற்றில் பிராணவாயுவுக்கு ஏற்கனவே கொஞ்சம் கஞ்சத்தனம். கீழேயிருந்து வந்த சுற்றுலாக்காரர் முதல் இரவு தூக்கம் வரவில்லை என்று கேட்டாலும் மாத்திரை கொடுக்காதீர்கள், இரண்டு மூன்று இரவில் தானாகச் சரியாகும்.

கடைசியாக ஓட்டுநர்கள். ஸோல்பிடெம் 10 போட்டு எட்டு மணி நேரம் கழித்தும் ஓட்டத் தகுதியில்லாத அளவு மருந்து ரத்தத்தில் இருந்தவர்கள் பெண்களில் சுமார் 15 சதவீதம், ஆண்களில் 3 சதவீதம். அதனால்தான் 2013-இல் அமெரிக்காவில் பெண்களுக்கான அளவை 5 ஆக்கினார்கள். பதினொரு மணிக்குப் போட்டு ஐந்து மணிக்கு வண்டி எடுப்பவருக்கு இடைவெளி ஆறே மணி. கல்லட்டி மலைச்சாலையில் 36 கொண்டை ஊசி வளைவு.

மருந்துச்சீட்டு (குன்னூர்)

மூவருக்கும் நன்றி. எட்டு மணிக் கம்பளிக் கணக்கு கண்ணைத் திறந்தது. டாக்டர் சார், ஒரு சிக்கல். குளோனசெபம் 0.25-க்குக் கீழே கடையில் இல்லை. 0.5-இலிருந்து 0.375-க்கு வரலாம், அங்கிருந்து 0.25 என்பதே மூன்றில் ஒரு பங்கு வெட்டு. அதற்குப் பிறகு அரை மாத்திரை என்றால் பாதி ஒரேயடியாகப் போகிறதே, 25 சதவீதம் தாண்டக் கூடாது என்றீர்களே? கால் மாத்திரையாக உடைத்தால் பொடிதான் மிஞ்சுகிறது.

மனநலன்_கோத்தகிரி

பெரும்பாலானவர்கள் தோற்கிற இடமே அதுதான். நீங்கள் சொல்வது வாயில் கரையும் வகையாக இருக்கும், அது வெட்டுவதற்கானதில்லை. இங்குள்ள ஈரப்பதத்தில் அட்டையைக் கிழித்து வைத்தாலே இளகிவிடும். நடுவில் கோடு போட்ட சாதாரண மாத்திரை கேளுங்கள், மாத்திரை வெட்டும் டப்பாவில் அன்றன்றைக்கு வெட்டச் சொல்லுங்கள். நீடித்து வேலை செய்யும் வகை எதையும் வெட்டக் கூடாது, ஸோல்பிடெம் 6.25, 12.5 உட்பட.

0.25-இல் நான்கு வாரம் நிறுத்தி, அங்கிருந்து டயசெபத்துக்கு மாற்றுவது ஒரு வழி. 0.25 ஏறக்குறைய டயசெபம் 5 மி.கி. டயசெபம் 2 மி.கி. மாத்திரை கிடைக்கிறது, அரை மாத்திரை ஒரு மி.கி. ஆக 5, 4, 3, 2, 1 என்று இறங்கலாம். படிக்குக் குறைந்தது 14 நாள். 3-க்குப் பிறகு ஒரு மி.கி.யே 25 சதவீதத்தைத் தாண்டும் வெட்டு, அதனால் அங்கே நான்கு வாரம் வரை நிற்கலாம், அரை மி.கி.யாகவும் இறங்கலாம். வயதானவருக்கு டயசெபம் சேர்ந்துகொண்டே போகும், முதல் இரண்டு வாரம் வீட்டில் யாராவது நடையைக் கவனிக்க வேண்டும். கல்லீரல் கெட்டவருக்கும் தினம் குடிப்பவருக்கும் இந்த வழி வேண்டாம். டாக்டர் பார்த்து எழுத வேண்டியது இது, கவுன்ட்டரில் மாற்றிக் கொடுப்பதில்லை.

ஹெச்1_பதிவேடு (பெருமாள்மலை)

அந்தச் சீட்டை டாக்டர் இப்படி எழுதிக் கொடுத்தால் கடையில் சிக்கலே வராது: டயசெபம் 2 மி.கி., 14 நாளுக்கு ஒருமுறை, ஐந்து முறை. முதல் முறை 35 மாத்திரை, பிறகு 28, 21, 14, 7. மொத்தம் 105. ஒவ்வொரு முறையும் சீட்டில் தேதி போட்டுப் பதிவேட்டிலும் ஏற்றிவிடுங்கள். ஏதாவது ஒரு படியில் கூடுதலாக நிற்க வேண்டியிருந்தால் புதுச் சீட்டு.

இரவுப்பணி

கீழே போக முடியாதவர்களுக்கு: ஜி.ஹெச்.சில் மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் என்றைக்கு வருகிறார் என்று விசாரித்துக் கவுன்ட்டரில் எழுதி ஒட்டுங்கள். குறைக்கும் நாட்களில் இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.